படம் திரும்பிடுச்சு

சரக்கு விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் அந்த ஹேங்கரில் அண்ணி என்றால் ஒரே ஆள்தான். மேனேஜருக்கும் அண்ணி, டீ கொண்டுவருகிறவருக்கும் அண்ணி, அவளைவிட எவ்வளவோ மூத்த பெயின்டருக்கும் அண்ணி. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ என்று நினைத்துக்கொள்வாள்.

இந்தப் பெயரை வைத்தது அவள் நாத்தனார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, ஹேங்கரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி "அண்ணீ, என் டார்ச்ச பாத்தீங்களா?" என்று ஒரு கத்து கத்தினாள். அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்றைக்கும் போகவில்லை. கொடுமை என்னவென்றால், இப்போது ஹேங்கரே அண்ணி அண்ணி என்று கூப்பிடுகிறது. பெயர் வைத்த மகராசி மட்டும் கூப்பிடுவதில்லை.

நாத்தனாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பூதக்கண்ணாடி. விமானத்தின் உடம்பில் விரிசல் தேடுவது அவள் வேலை. மற்றவர்கள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போன இடத்தில் இவள் போய் நிற்பாள், டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பாள், ஒரு கண்ணைச் சுருக்குவாள், "இதோ இருக்கு" என்பாள். மயிரிழை அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் இருக்கும். அவள் விரிசல் என்று சொன்ன பாகத்தைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுகிறவள் அண்ணி. அவள் பார்ப்பாள், இவள் மாற்றுவாள். இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன மழைக்காலத்தில் அண்ணி வீட்டில் ஒரு விருந்து. வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான், லோடு மாஸ்டர். சரக்கை ஏற்றிக் கட்டி, அந்தச் சரக்கோடு கூடவே பறக்கிறவர். அவருடைய சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். சாப்பிடும்போது யாரோ நாத்தனாரின் கண்ணைப் புகழ்ந்தார்கள். அண்ணிக்கு நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது. "ஆமா ஆமா, விரிசல் கண்டுபிடிக்கறதுல அவள அடிச்சுக்க ஆளே இல்ல. நல்லா இருந்த குடும்பத்துலயே கண்டுபிடிச்சுட்டு வந்தவளாச்சே!" என்று சொல்லிவிட்டு, தானே சிரித்தும் தொலைத்தாள்.

நாத்தனார் புருஷனை விட்டு வந்து அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அவன் என்னென்ன செய்தான் என்பது அண்ணிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். மேஜையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நாத்தனார் எழுந்தாள், உள்ளே போய்க் கையைக் கழுவினாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

மறுநாளே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லையே! வயசில் சின்னவளிடம் நானாகப் போய் நிற்பதா என்று இவளுக்கு வீம்பு. வந்தால் முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்துவேன் என்று அவளுக்கு வீம்பு. வீட்டுக்காரர்தான் பாவம். காலையில் அண்ணி கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டில் ஒரு டப்பா கூடுதலாக இருக்கும். அது யாருக்கு என்று அவளும் சொல்லமாட்டாள், அவரும் கேட்கமாட்டார். சாயங்காலம் அந்த டப்பா தேய்த்துக் கழுவி மினுமினுவென்று வீட்டுக்கு வரும். யார் கழுவியது என்று இவளும் கேட்கமாட்டாள்.

ஆனால் ஒரே இடத்தில் வேலை செய்துகொண்டு வாய் திறக்காமல் இருக்க முடியுமா? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஸ்டோர்காரர். கருவிகளையும் பாகங்களையும் எழுதிவைத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் எண்ணி வாங்கி வைக்கிற மனிதர். நாத்தனார் அவருடைய கவுண்டரின் ஒரு முனையில் நின்று, "அந்தம்மாகிட்ட சொல்லுங்க, உயரமான ஏணி எனக்கு வேணும்" என்பாள். அந்தம்மா மறுமுனையில் கல்லு மாதிரி நிற்பாள். ஸ்டோர்காரர் கழுத்தைத் திருப்பி, "ஏணி வேணுமாம்" என்பார். "எடுத்துக்கச் சொல்லுங்க." கழுத்து மறுபடி இந்தப் பக்கம். "எடுத்துக்கணுமாம்."

"எனக்குக் கழுத்து சுளுக்கினா வைத்தியச் செலவு உங்க ரெண்டு பேரோடதுதான்" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். இரண்டு பேருமே சிரிக்காமல் வேறு வேறு திசையில் போனார்கள்.

உத்தரவு என்று ஒன்று உண்டு. இந்தத் தொழிலில் அதுதான் வேதவாக்கு. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு விமானத்தில் ஆபத்தான பழுது தெரிந்தால் போதும், அதே வகை விமானம் வைத்திருக்கும் அத்தனை பேர் தலையிலும் ஒரு கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு வந்து விழும். செய்தால் நல்லது, முடிந்தால் செய்யுங்கள் என்றெல்லாம் அதில் இருக்காது. செய், இல்லாவிட்டால் பறக்காதே. அவ்வளவுதான்.

இந்தத் தடவை வந்தது வால் இறக்கையைப் பற்றி. பெரிய சரக்கு விமானத்தின் வாலில் குறுக்கே இருக்கும் இறக்கை இரண்டு போல்ட்டில்தான் நிற்கிறது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். அதன் கழுத்தில் விரிசல் விட்டால் இறக்கை ஆடும். ஆடினால் விமானத்தின் மூக்கு யார் பேச்சையும் கேட்காது. இரண்டு போல்ட்டையும் சோதி, விரிசல் தெரிந்தால் அடுத்த பறப்புக்கு முன்னால் மாற்று, கழற்றியதில் விரிசலின் நீளத்தை அளந்து எழுதி அனுப்பு என்றது உத்தரவு. கூடவே ஒரு படம். படத்தில் போல்ட்டுக்கு ஒன்றாக இரண்டு வட்டம். விரிசல் கண்டவர் அந்த வட்டத்தின் மேல் குறுக்குக் கோடு போடவேண்டும். இடது, வலது என்று எழுதினால் யாருடைய இடது என்று சண்டை வரும் என்பதால் அந்த ஹேங்கரில் எல்லாமே படத்தில்தான்.

கம்பெனியின் இன்னொரு விமானத்துக்கு இதே வேலையைச் சில மாதத்துக்கு முன்பே அண்ணி செய்து முடித்திருந்தாள். அந்தப் படம் அவளுக்கு மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைந்து காட்டுவாள்.

அன்று மதியம் அவள் ஷிப்டுக்கு வந்தபோது நாத்தனார் தன் ஷிப்டை முடித்துவிட்டு உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டிருந்தாள். உத்தரவின் படத்தோடு வேலை அட்டை கவுண்டரில் இருந்தது. படத்தில் வலது கைப் பக்க வட்டத்தின் மேல் குறுக்குக் கோடு. கீழே நாத்தனாரின் கையெழுத்து.

"தங்கச்சி ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு" என்றார் ஸ்டோர்காரர். "படம் திரும்பி வந்துடுச்சாம்."

"எந்தப் படம்?"

"அது சொல்லல. மறக்காம சொல்லிடுங்கன்னு ரெண்டு தடவ சொல்லுச்சு. நீங்க ஏதாவது படம் கேட்டிருந்தீங்களோ என்னவோ."

"வந்தா வரட்டும். எனக்கெதுக்குப் படமெல்லாம்?" என்று அண்ணி அட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

மேனேஜர் அவள் பின்னாலேயே வந்தார். குளிர்பெட்டியில் மருந்து ஏற்றியிருக்கிறார்களாம், தாமதமானால் கெட்டுப்போகுமாம். "அண்ணி, உங்கள நம்பித்தான் புறப்படற நேரம் குடுத்திருக்கேன். கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்றார். அவர் எப்போதும் இப்படித்தான், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி பேசுவார்.

வாலுக்கு அடியில் ஒரு சின்னக் கதவு. அதன் வழியாக ஏறி உள்ளே உட்கார்ந்தால் எண்ணெய் வாசனையும் இருட்டும்தான். இறக்கைக்கு முட்டுக் கொடுத்து, வலது பக்கப் போல்ட்டை மெல்லத் தட்டிக் கழற்றி, புதுசைச் செருகி, சொன்ன இறுக்கத்துக்கு முறுக்கி, கம்பி போட்டுப் பூட்டினாள். இன்னொரு மெக்கானிக் ஏறி வந்து, மாட்டியது சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மாட்டியது பழுதில்லாமல்தான் இருந்தது. எந்தப் பக்கத்தை மாட்டியிருக்க வேண்டும் என்பது அவர் பார்க்கவேண்டிய விஷயம் இல்லை.

அவள் கீழே இறங்கும்போது வீட்டுக்காரர் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, முடிஞ்சுதா? நான் ஏறலாமா?"

"தாராளமா ஏறுங்க. புதுசு போட்டாச்சு."

"டப்பாவ குடுத்துட்டேன். சாப்பிட்டுட்டு இப்பத்தான் பஸ்ஸுக்குப் போனா" என்றார் குரலைத் தாழ்த்தி.

"நான் கேட்டேனா?"

அவர் சிரித்துக்கொண்டே படியேறினார். சிறிது நேரத்தில் இழுவை வண்டி விமானத்தை வெளியே தள்ளிக்கொண்டு போனது. ஹேங்கர் திடீரென்று காலியாகி, வெயில் உள்ளே வந்து விழுந்தது.

அண்ணி கழற்றிய போல்ட்டை வேலைமேஜைக்குக் கொண்டுபோனாள். விரிசலை அளந்து எழுதவேண்டுமே. எண்ணெய் போகத் துடைத்து, கழுத்தில் சிவப்புச் சாயத்தைப் பூசினாள். சாயம் விரிசலுக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் கொடுக்கவேண்டும். பிறகு மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளை மாவை அடித்தால், விரிசலுக்குள் பதுங்கியிருக்கும் சாயம் கசிந்து வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும்பும். காத்திருந்தாள், துடைத்தாள், அடித்தாள். குனிந்து பார்த்தாள்.

வெள்ளையாக இருந்தது.

உற்றுப் பார்த்தாள். போல்ட்டை உருட்டி உருட்டிப் பார்த்தாள். வெள்ளை. மாவைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தைக் கழுத்தைச் சுற்றி ஓட்டினாள். நகம் எங்கேயும் தடுக்கவில்லை. புதுப் போல்ட் மாதிரி வழுவழுவென்று போனது.

உண்மையைச் சொல்லவேண்டும். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆஹா! பூதக்கண்ணாடிக்கும் கண் அவிந்தது! நல்ல போல்ட்டைப் பார்த்து விரிசல் என்று கோடு கிழித்திருக்கிறாள்! இதை யாரிடம் முதலில் சொல்லலாம், ஸ்டோர்காரரிடமா மேனேஜரிடமா என்றுகூட மனசு கணக்குப் போட்டது. வேண்டும் அவளுக்கு, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போல்ட்டைக் கீழே வைத்தாள்.

வைத்த கை அப்படியே நின்றது.

நாத்தனார் தப்பாகப் பார்த்து இவள் கண்டதே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. காய்ச்சலோடு வந்த நாளிலும் இல்லை, கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்து கண் வீங்கியிருந்த நாளிலும் இல்லை. எத்தனையோ பாகத்தை அவள் சொல்லிக் கழற்றி, கழற்றிய ஒவ்வொன்றிலும் அந்தச் சிவப்புக் கோடு எழும்பி வந்ததை இதே மேஜையில் இதே கண்ணால் பார்த்தவள் அண்ணி. அவள் விரிசல் என்றால் விரிசல் இருக்கும். இந்தப் போல்ட்டில் இல்லை. அப்படியென்றால்?

 கவுண்டருக்கு ஓடினாள்.

"அந்தப் படம் எங்க? வந்துடுச்சுன்னு சொன்னீங்களே, அத எடுங்க."

"அதத்தான் நானும் தேடிட்டு இருக்கேன்" என்றார் ஸ்டோர்காரர். "யாரும் எந்தப் படமும் வாங்கினதா எழுதல, குடுத்ததாவும் எழுதல."

"அவ என்ன சொன்னா? நீங்க சொல்லாதீங்க. அவ சொன்னத சொல்லுங்க. அப்படியே."

அவர் மிரண்டுபோய்த் தலையைச் சொறிந்தார். "அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க, படம் திரும்பிடுச்சு. அவ்வளவுதாம்மா."

படம் திரும்பிடுச்சு.

காலையிலிருந்து சாயங்காலம்வரை கொடுத்தது திரும்பியதா, வாங்கியது திரும்பியதா என்றே வாழ்கிற மனிதர். அவர் காதில் அது வேறு எப்படி விழும்? திரும்பி வந்துடுச்சு என்று சொல்லிவிட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

அண்ணி வேலை அட்டையைப் பிடுங்கி எடுத்துப் படத்தைப் பார்த்தாள். மனப்பாடமான படத்தைப் பார்க்கவில்லை, முதல் தடவையாக அதில் இருந்த படத்தைப் பார்த்தாள். மூலையில் எறும்பு அளவுக்கு ஓர் அம்பு. விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் அம்பு. முன்பு வந்த உத்தரவில், வாலுக்குப் பின்னால் நின்று மூக்கைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதுபோல் வரைந்திருந்தார்கள். இது திருத்தி வந்த உத்தரவு. உள்ளே ஏறி உட்கார்ந்து வாலைப் பார்ப்பவருக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று எந்தப் புண்ணியவானோ படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டான். இந்தப் படத்தில் வலது கைப் பக்கம் இருக்கும் வட்டம் விமானத்தின் இடது போல்ட்.

விரிசல் விட்ட போல்ட் இன்னும் வாலிலேயே இருக்கிறது. அந்த விமானத்தில் வீட்டுக்காரர் இருக்கிறார்.

மேனேஜரின் கண்ணாடி அறைக்கு இரும்புப் படி. எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"நிறுத்துங்க! விமானத்த நிறுத்தச் சொல்லுங்க!"

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ஏன், என்ன ஆச்சு?"

"கழட்டின போல்ட் நல்லா இருக்கு!"

"நல்லா இருந்தா சந்தோஷம்தானே? அதுக்கு ஏன் நிறுத்தணும்?"

"ஐயோ, நல்லா இருக்கறதுதான் சார் பழுது!" மூச்சு வாங்கியது. அட்டையை மேஜையில் விரித்து அம்பைக் காட்டினாள். "நான் பக்கம் மாத்திக் கழட்டிட்டேன். விரிசல் உள்ளது அங்கேயே இருக்கு."

மேனேஜர் படத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியாகத் தூரத்தில் ஊர்ந்துகொண்டிருந்த விமானத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது. பிறகு, முங்குகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி ஒரு யோசனை அவருக்கு வந்தது.

"அண்ணி, நிதானமா யோசிங்க. அந்தப் பொண்ணே தப்பா பாத்திருக்கலாம்ல? அழுக்கக் கோடுன்னு நினைச்சிருக்கலாம். அதுவும் பழைய படத்த நினைச்சே கோடு போட்டிருந்தா? நீங்க மாத்தினதுதான் அது சொன்ன போல்ட், அதுல விரிசல் இல்ல, முடிஞ்சுது. உங்க மேலயும் தப்பு வராது. அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க. இடதுன்னு சொல்லட்டும், அடுத்த நொடி நிறுத்தறேன்."

அண்ணி செல்போனை எடுத்தாள். நாத்தனாரின் எண் எங்கோ அடியில் கிடந்தது. தேடி எடுத்து அழுத்தினாள். மணி போனது. ஒன்று, இரண்டு, கட். மறுபடி அழுத்தினாள். முதல் மணியிலேயே கட். எடுக்கமாட்டாள். ஏன் எடுக்கவேண்டும்? மேஜை நிறைய ஆளை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்த வாய்தானே இது. இன்னும் ஒரு தடவை. கட்.

வெளியே விமானம் ஓடுபாதைக்குள் திரும்பும் மூலையை நெருங்கிவிட்டது.

"எடுக்கலையா?" என்றார் மேனேஜர்.

"கேக்க வேணாம்." அண்ணி கையை நீட்டி ரேடியோவின் மைக்கை எடுத்தாள். அவர் தடுப்பதற்குள் பொத்தானை அழுத்தினாள். "ஹேங்கர்லேருந்து பேசறேன். புறப்படாதீங்க. கேக்குதா? புறப்படாதீங்க."

இரைச்சல். பதில் இல்லை. விமானிகளின் காது இப்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் இருக்கும், கம்பெனி ரேடியோவை யார் கவனிப்பார்கள்? மேனேஜர் அதற்குள் இன்னொரு போனில் கோபுரத்தைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். அந்த மட்டுக்கும் நல்ல மனிதர். அங்கே மணி போய்க்கொண்டே இருந்தது.

"புறப்படாதீங்க! ஹேங்கர்லேருந்து!"

இன்ஜின் சத்தம் ஏறியது. ஜன்னல் கண்ணாடி அதிர்வதை உள்ளங்கையில் உணர்ந்தாள். என்னங்க, என்று முனகினாள். ரேடியோவில் இல்லை, வெறுமனே. ஏறுங்க, புதுசு போட்டாச்சு என்று சொன்ன வாய்.

ரேடியோ கரகரத்தது. விமானியின் குரல். "ஹேங்கர், என்ன விஷயம்? எங்களுக்குப் புறப்பட அனுமதி குடுத்தாச்சு. என்ன காரணம்?"

"வால் இறக்கை போல்ட்." குரல் உடைந்தாலும் வார்த்தை உடையாமல் பார்த்துக்கொண்டாள். "மாத்தினது நான். பக்கம் தப்பா மாத்திட்டேன். விரிசல் விட்டது இன்னும் உங்ககிட்டதான் இருக்கு."

"விரிசல் இருக்குன்னு உறுதியா தெரியுமா? நீங்க பாத்தீங்களா?"

மேனேஜர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாக்கல. என் நாத்தனார் பாத்தா. அவ விரிசல்னு சொன்னா அது விரிசல்தான். இத்தன வருஷத்துல அவ கண்ணு ஒரு தடவ பொய் சொன்னதில்ல. நான்தான் படத்த சரியா பாக்கல. தப்பு என்னோடது."

இரைச்சல் மட்டும் கேட்டது.  அப்புறம் இன்ஜின் சத்தம் இறங்கியது. தூரத்தில், ஓடுபாதையின் முனையில், அந்தப் பெரிய வெள்ளை வால் மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்து, பக்கவாட்டில் தெரிய, மூக்கு ஹேங்கரைப் பார்க்கத் திரும்பியது.

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல், "விசாரணை வரும் அண்ணி. அது முடியறவரைக்கும் உங்க கையெழுத்து செல்லாது. ஸ்பேனரையும் தொடக்கூடாது" என்றார்.

"தெரியும் சார்."

இரும்புப் படியில் தடதடவென்று சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்து நின்றாள். பாதித் தூரத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடிவந்திருக்கிறாள். தலைமுடி கலைந்திருந்தது, கையில் அந்த டப்பா. முகத்தில் ரத்தமே இல்லை. அவள் நேராக அண்ணியைப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு என்ன?"

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்த எண்ணிலிருந்து அழைப்பு வருவதென்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று அவள் நினைத்திருக்கிறாள். கோபத்தில் வெட்டிவிட்டாள், மூன்றாவது தடவை வெட்டிய பிறகுதான் நெஞ்சில் உறைத்திருக்கிறது.

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்காரு. அதோ, வந்துட்டு இருக்காரு" என்று ஜன்னலைக் காட்டினாள். "படம் திரும்பிடுச்சு."

நாத்தனார் மேஜைமேல் இருந்த அட்டையைப் பார்த்தாள், திரும்பி வரும் விமானத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை. "நான்தான் சொல்லி அனுப்பினேனே!" என்று கத்தினாள்.

"சொல்லித்தான் அனுப்பின."

 மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நான் கீழே போகிறேன் என்று நழுவிவிட்டார்.

விமானத்தை மறுபடி உள்ளே இழுத்து நிறுத்தினார்கள். நாத்தனார் வாலுக்குள் ஏறினாள். வேறு ஒரு மெக்கானிக் ஸ்பேனரோடு போனார். அண்ணி கடைசியில் ஏறி, ஒரு ஓரமாக, டார்ச்சை மட்டும் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள். வெளிச்சம் மறுபடி வலது பக்கமே போய் விழுந்தது. நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்து, வெளிச்சத்தை இடது பக்கம் திருப்பினாள். போல்ட் வெளியே வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

மேஜையில் சாயம் பூசியது நாத்தனார். வீட்டுக்காரர், மேனேஜர், ஸ்டோர்காரர் எல்லாரும் சுற்றி நின்றார்கள். வெள்ளை மாவை அடித்ததுதான் தாமதம், காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. சிவப்புக் கோடு எழும்பியது. எழும்பி, போல்ட்டின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது; பாதியைத் தாண்டியும் நிற்கவில்லை. வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதோட எவ்வளவு தூரம் போயிருப்போம்?" என்றார்.

 நாத்தனார் அளவுகோலை எடுத்து வைத்தாள், ஆனால் கண் நிறைந்துபோய் எண் தெரியவில்லை அவளுக்கு. எத்தனையோ மயிரிழையைக் கண்டுபிடித்த கண்! அண்ணிதான் குனிந்து அளவைப் படித்துச் சொன்னாள். நாத்தனார் எழுதிக்கொண்டாள்.

ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஸ்டோர்காரர் மட்டும் கவுண்டரில் போய் நின்றுகொண்டு, காதை இந்தப் பக்கமே வைத்திருந்தார். அண்ணி மேஜையில் சிந்தியிருந்த மாவைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அன்னிக்கு வீட்டுல…" என்று ஆரம்பித்தாள்.  "சாப்பிடறப்போ நான்…"  யாராவது வந்து அந்த மிச்சத்தைச் சொல்லிவிடமாட்டார்களா என்று பார்ப்பவள் போல் கவுண்டரைப் பார்த்தாள். ஸ்டோர்காரர் அவசரமாக ஒரு பெட்டியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

"நேரா சொல்லுங்க அண்ணி" என்றாள். "அவர்கிட்ட சொன்னா வேற மாதிரி சொல்லிடுவாரு."

அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, நேராகச் சொன்னாள்.